நடுப்பத்திக்காரன் பாடு

என்ன மாப்ளே, விடியக்காலைல துண்டும் கையுமா தரையில உக்காந்திருக்க? உப்பு வாடைக்கு முழிப்பு வந்துச்சு எனக்கு. பாம்பன்லதான் படுத்திருக்கோம்னு நெனச்சுட்டேன். எந்திரிச்சுப் பாத்தா, கொளத்தூர்ல காசு குடுத்து வாங்கியாந்த உங்கடலு ஹால்ல ஓடுது.

சரி சரி, மொறைக்காத. தொடச்சுக்கிட்டே கேளு.

எனக்குத் தெரிஞ்சு சம்ப்புன்னா வாசல்ல மண்ணுக்கடியில லாரித்தண்ணி ரொப்புற தொட்டி. நீ மீன்தொட்டிக்கடியில ஒரு சம்ப்பு வச்சிருக்க. மேலருந்து அழுக்குத்தண்ணி எறங்குது, சுத்தமாகுது, பம்பு மேல ஏத்துது. இதுவரைக்கும் நியாயந்தான். அதுக்குள்ள ரெஃப்யூஜியம்னு ஒண்ணு கட்டியிருக்க பாரு, அங்கதான் சிரிப்பு வந்துச்சு. மண்டபத்துல ரெஃப்யூஜி கேம்ப்ப பாத்து வளந்தவன் நான். இங்க பாசிக்கு மணல் மெத்தை, ரோஸ் கலர் லைட்டு. குடுத்து வச்ச பாசி!

பாசிய கொறை சொல்லல. எங்காத்தா முங்கி மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் பறிச்ச காசுலதான் நான் சட்டை போட்டேன். மீனு போடுற கழிவு தண்ணியில நைட்ரேட்டா, பாஸ்பேட்டா தேங்குது. பாசி அதத் தின்னு வளருது. வளந்தத அறுத்து வெளிய போட்டா அழுக்கும் கூடவே போயிரும். ராத்திரி மேல லைட்ட அணைச்சதும் கீழ பாசிக்கு லைட்டப் போட்டா, தண்ணியில புளிப்பு ஏறாம பிஎச் நெலைக்கு நிக்கும். அமெரிக்காவுல ஸ்மித்சோனியன்ல வால்டர் ஏடினு ஒரு விஞ்ஞானி இப்படித்தான் பாசிய வச்சே பவளத்தொட்டிய சுத்தமா வச்சிருந்தாராம். எம்மக போன்ல படிச்சுக் காட்டுனா.

பாசி சரி மாப்ளே, வீடுதான் கோணல். உந்தாத்தா வீட்ட மூணு பத்தியா தடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? நடுப்பத்தி சின்னத்தாத்தாவுக்கு. முன்பத்திக்காரன் கொல்லைக்குப் போனாலும் அவரு தலமாட்டு வழிதான், பின்பத்திக்காரன் மாட்ட ஓட்டிட்டு வாசலுக்கு வந்தாலும் அதே வழிதான். பாவம், அந்த மனுசன் வேட்டிய அவுத்துக் கட்டக்கூட நேரம் பாக்கணும். உன் சம்ப்பும் அதேதான். முன்னால ஸ்கிம்மர், நடுவுல பாசி, கடைசில பம்பு. பம்பு மணிக்கு 2000 லிட்டர் தள்ளுனா அம்புட்டும் பாசிய மிதிச்சுக்கிட்டுதான் போகணும். கீட்டோ பாசி தாங்கும், சிக்கு விழுந்த தங்கூசியாட்டம் உருண்டுக்கிட்டே கெடக்கும். மணலு தாங்குமா? அதுல அண்டியிருக்குற பொடிப்பூச்சி தாங்குமா? கோப்பிபாட்ங்கிறியே, அதுகதான். அத நம்பித்தான மாண்டரின் மீன வாங்குன? அது வயித்தப் பாரு, கூலி கெடைக்காதவன் வயிறாட்டம் ஒட்டிக்கெடக்கு.

ஸ்கிம்மர் வேற வம்பு. காத்துக்காலத்துல கரையில நொரை ஒதுங்கும்ல, அதத்தான் அது டப்பாவுல புடிக்குது. தண்ணி ஒரே மட்டத்துல நின்னாத்தான் அது ஒழுங்கா வேல செய்யும். ஏறுனா பொங்கிக் கொட்டும், எறங்குனா நொரையே வராது. அதனால தடுப்புக் கண்ணாடி வச்சு மட்டத்தக் கட்டுன. அது சரிதான். ஆவியாகுற தண்ணியெல்லாம் கடைசி அறையிலதான் கொறையும். அங்க நீ உப்புத்தண்ணிய ஊத்துற! உப்பளத்து ஊர்க்காரன் செய்யிற வேலையா இது? போறது தண்ணி மட்டுந்தான், உப்பு அங்கேயேதான் கெடக்கும். நல்லதண்ணி ஊத்து.

தனித்தொட்டி கட்டுறேன்னு கெளம்பாத. பெரிய தொட்டிக்கு மேல ஒசரமா பாசித்தொட்டி வச்சா, வழியுற தண்ணியோட பூச்சி தானா மீனு வாயில விழும், பம்பு விசிறியில அடிபடாது. பம்புல போனா பாதி செத்துரும்ங்கிறவனும் இருக்கான், ஒண்ணும் ஆகாதுங்கிறவனும் இருக்கான். இந்தப் பஞ்சாயத்து தீராது. அழகுதான், ஆனா எங்க வைப்ப? எம்மக சேல வைக்கிற அலமாரியிலயா? வாடகை வீடு, ரெண்டாவது மாடி. ஒவ்வொரு ஜாயிண்ட்டும் ஒரு ஒழுகல்.

அதே சம்ப்பு போதும். பாசிய நடுவுலருந்து ஒரு ஓரத்துக்கு மாத்து, பம்பு நடுவுல வரட்டும். எறங்குற குழாயில ஒரு டீ ஜாயிண்ட்டு போட்டு, வால்வு வச்சு, பாசிக்குக் கொஞ்சமா தனித்தண்ணி விடு. கூரை ஒண்ணு, வாசல் ரெண்டு. பாசியில கலர்ப்பா மட்டும் வேணாம். அதுக்கு மூடு வந்தா ஒரே ராத்திரியில உள்ள இருக்கிறத எல்லாம் கக்கி, தண்ணியக் கலக்கிட்டு வெளுத்துச் செத்துக் கெடக்கும். கடல்லருந்து பவளக்கல்லு வேணும்னு கேட்டியே, அதையும் மற. எங்க ஊர்த் தீவுப்பக்கம் 1986லருந்து தேசியப் பூங்கா. 2001லருந்து பவளத்தத் தொட்டா புலியத் தொட்ட மாதிரி, முதல் அட்டவணை. மாமனார மாமியார்வீட்டுக்கு அனுப்பப் பாக்காத.

இப்ப ஹாலுக்கு வா. மேல தொட்டி நாலடிக்கு ஒன்றரையடி. தண்ணி ஏறுற குழாய்மூக்கு ரெண்டு அங்குலம் முங்கியிருக்கு. பம்பு நின்னா அந்த ரெண்டு அங்குலமும் அதே குழாய் வழியா திரும்பி எறங்கும். ஒரு கனஅடி, 28 லிட்டர். கீழ சம்ப்பு ரெண்டரையடிக்கு ஓரடி, அதுல அஞ்சு அங்குலம் ஏறும். நீ விட்டு வச்ச காலியெடம் மூணு. மிச்சம் ஒரு கொடம், தரையில. வெள்ளத்துல பாசி தடுப்பத் தாண்டி மெதந்து பம்புக்குள்ள போயிருச்சு. அதான் காலைலருந்து பம்பு உறுமுது. குழாயில தண்ணிமட்டத்துக்குச் சத்தக்கீழ ஒரு சின்ன ஓட்ட போடு, காத்து உள்ள போயி எறங்குறது நின்னுரும். உப்பும் பாசியும் அத அடைக்கும், அப்பப்ப குத்திவிடு.

கரண்டுக்காரன ஏன் திட்டுற? ராத்திரி ரெண்டு மணிக்குத் தெருவுல அம்புட்டு வீட்டுலயும் லைட்டு எரிஞ்சுச்சே, பாக்கலயா? மெயின எறக்குனது நாந்தான். ஒரு பத்து நிமிசம். ஒரு கொடம்தான் கொட்டும்னு கணக்குப் போட்டேன், சரியா வருதானு பாக்கணும்ல.

அந்த சோபாக்கடியில இன்னும் ஈரம் நிக்குது பாரு.