கூரைவிளக்குப் பொருத்தலும் பொருள்கோளும்: ஓர் ஆய்வு

1. முகப்பு

வீட்டுக் கூரையில் புது விளக்கு மாட்டுவதை நம் இலக்கண மரபோடு பொருத்திப் பார்க்க இதுவரை எவரும் துணியவில்லை. இதனை ஆய்வுலகில் 'ஆய்வு இடைவெளி' என்பர். இடைவெளி கண்ட இடத்தில் கட்டுரை முளைக்க வேண்டும். முளைத்தது கட்டணம் கட்டிக் கருத்தரங்க மலரில் ஏற வேண்டும். ஏறியதை எவரும் படித்துவிடக் கூடாது. இம்மூன்று மரபுகளுள் முதலாவதையேனும் காக்க இக்கட்டுரை எழுந்தது.

கருதுகோள்: விளக்கு எரியும்.

ஆய்வு எல்லை: கூடமும் படுக்கையறையும். குளியலறை ஈரமாக இருப்பதால் பின்வரும் ஆய்வாளர்களுக்கு விடப்படுகிறது.

2. மாந்தர்

மூவர். ஏறுபவர், பிடிப்பவர், சொல்பவர்.

ஏறுபவர் ஸ்டூலில் ஏறுவார். பிடிப்பவர் ஸ்டூலைப் பிடிப்பார். அடுப்பில் பால் பொங்கினால் விட்டுவிட்டு ஓடுவார். சொல்பவர் கீழே நின்றபடி, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்… ரொம்பப் போயிட்ட, வலப்பக்கம் வா" என்பார். அவர் ஒருநாளும் ஸ்டூலில் ஏறியதில்லை. ஆனால் விளக்கு எரிந்தால் அவர் பெயரும் சேரும், எரியாவிட்டால் ஏறியவர் பெயர் மட்டும் நிற்கும். பல்கலைக்கழகங்களில் இவரை நெறியாளர் என்று வழங்குவர்.

3. கூரை

கான்கிரீட், மெட்ராஸ் டெரஸ், ஃபால்ஸ் சீலிங் என மூவகை. முதலாவதில் டிரில் இறங்காது; இரண்டாவதில் செங்கல் இறங்கும்; மூன்றாவதில் ஸ்பிரிங் கிளிப் விரலைக் கவ்வும்.

4. பாடபேதம்

மூலபாடம் கூரைக்குள் பைப்பில் கிடக்கிறது. நம் வீடுகளில் வழிவழியாக வந்த பாடம்: சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். கடையிலிருந்து வாங்கி வந்த எல்.இ.டி. விளக்கிலோ பழுப்பும் நீலமும் தொங்கும். இது பன்னாட்டுப் பாடம்: பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். மும்முனை இணைப்புள்ள வீட்டில் நம் பாடப்படி சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே பேஸ். ஆகவே விளக்கிலிருந்து வரும் நீலம் சாது. கூரையிலிருந்து வரும் நீலம் சாது அன்று (கீழ்வீட்டு மாமா, வாய்மொழி).

மூன்றாவதாக ஒரு பாடமும் உண்டு: வீடு கட்டும்போது எந்தச் சுருள் மிச்சம் இருந்ததோ அதுவே நிறம். இதனை இடைச்செருகல் எனத் தள்ளியோர் உளர்; ஷாக் அடித்தபின் அவர்களும் இதுவே ஆதி பாடம் என ஒப்புக்கொண்டனர் (மேற்படி மாமா, சாய்வுநாற்காலி உரை, காபிக்கு முன்).

ஆதலின் நிறத்தை நம்பாமல் டெஸ்டரை நம்புக. டெஸ்டரையும் கரண்ட் இருக்கும் பிளக் பாயின்டில் வைத்து, எரிகிறதா என்று பார்த்த பிறகே நம்புக. செத்த டெஸ்டர் எல்லா வயரையும் செத்ததாகவே காட்டும். தாம் அறியாத நூல்களையெல்லாம் 'காலத்தால் பிற்பட்டவை' என ஒதுக்குவோரும் இவ்வழியினரே.

5. பொருள்கோள்

தொல்காப்பியர் பொருள்கோள் நான்கு என்றார். நன்னூல் செய்த பவணந்தி எட்டு என்றார். இருவர் காலத்திலும் மின்சாரம் இல்லை. எனினும் இருவரும் வயரிங் பற்றியே பேசினர் என்பது இக்கட்டுரையின் துணிபு. சான்றுகள் வருமாறு.

ஆற்றுநீர்: மெயினிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து விளக்கு, விளக்கிலிருந்து நியூட்ரல் என நேரே ஒழுகுவது. குற்றமற்றது, ஆதலின் ஆய்வுக்கு உதவாது.

நிரல்நிறை: சிவப்புக்குப் பழுப்பு, கறுப்புக்கு நீலம், பச்சைக்கு மஞ்சள் கோடிட்ட பச்சை என வரிசைப்படி கொள்வது.

மொழிமாற்று: அடிமறிமாற்றில் காண்க.

தாப்பிசை: நடுவில் நின்று இருபுறமும் சென்று பொருந்துவது. சீலிங் ரோஸ் வந்த சப்ளையைத் தன் விளக்குக்குக் கொடுத்து, அடுத்த அறைக்கும் அனுப்புவது இதன்பாற்படும். பழைய விளக்கைக் கழற்றியதும் பக்கத்து அறையிலிருந்து "ஃபேன் நின்னுபோச்சு!" என்று குரல் வந்தால் தாப்பிசை என அறிக.

அளைமறிபாப்பு: புற்றில் நுழையும் பாம்பு தலைமறிவது. பிடித்திருந்த வயர் நுனி கைநழுவிப் பைப்புக்குள் போய்விடுவது என்பது இதன் நேர்ப்பொருள். பாம்பாவது வெளியே வரும் (மேற்படி உரை, காபிக்குப் பின், முன்கூற்றை மறுக்கும் பகுதி).

பூட்டுவில்: செய்யுளின் ஈற்றுச் சொல் முதற்சொல்லோடு சென்று பூட்டிக்கொள்வது. பேஸ் முதல், நியூட்ரல் ஈறு. இடையே விளக்கு இல்லாமல் இரண்டும் பூட்டிக்கொண்டால் 'டப்'பென்ற ஓசை பிறக்கும். எம்.சி.பி. இறங்கும், பழைய வீடாயின் பியூஸ் போகும். இவ்வோசை எந்த எழுத்தின்பாற்படும் என்பது குறித்து நீண்ட விவாதம் உண்டு (மாமாவின் உரையை ஒட்டுக்கேட்ட எதிர்வீட்டார் மாடிப்படியில் நிகழ்த்திய விளக்கவுரை, மிக்ஸி ஓடியதால் சிதைந்த மூன்றாம் வாக்கியம் நீங்கலாக, ஸ்டூல் பிடித்தவர் நினைவிலிருந்து மீட்ட பாடம்).

கொண்டுகூட்டு: எங்கெங்கோ கிடக்கும் சொற்களைக் கொண்டுவந்து கூட்டுவது. கூடத்து லைனில் பேஸ் எடுத்து, படுக்கையறை லைனில் நியூட்ரல் எடுத்து, நடுவில் விளக்கை மாட்டுவது. பத்துப்பாட்டு உரையில் நச்சினார்க்கினியர் இதனை அஞ்சாது கையாண்டார். அவரிடம் தமிழ் இருந்தது. பின்வந்தோரிடம் அச்சமின்மை மட்டுமே எஞ்சியது. லைனுக்கொரு ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இது எடுபடாது. போன கரண்டும் திரும்பிய கரண்டும் ஒன்றுதானா என்று ஆர்.சி.சி.பி. பார்த்துக்கொண்டே இருக்கும், வேறுபாடு 30 மில்லியாம்பியர் ஆனால் சப்ளையை நிறுத்திவிடும். ஆய்வேடுகளுக்கு இப்படி ஒரு கருவியைப் பொருத்தினால் பல துறைகள் இருளில் மூழ்கும் என்பதால் எவரும் அதை முன்மொழியவில்லை.

அடிமறிமாற்று: அடிகளை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாதது. எட்டனுள் ஆபத்தானது இதுவே. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 முறை திசை மாறும். ஆகவே பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்தாலும் விளக்கு எரியும். சுவிட்சைப் பேஸில் வைத்தாலும் எரியும், நியூட்ரலில் வைத்தாலும் எரியும். போட்டால் எரியும், அணைத்தால் அணையும். "பார்த்தீரா, என் உரை சரி" என்று உரைகாரர் இறங்கிவிடுவார்.

சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், விளக்கை அணைத்த பிறகும் ஹோல்டரில் பேஸ் நிற்கும். அடுத்த முறை பல்பு மாற்ற ஏறுபவர் சுவிட்சை அணைத்துவிட்ட நம்பிக்கையில் கையை வைப்பார். இதனால்தான் 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் நியூட்ரலில் தனி சுவிட்ச் கூடாது என்றன. எல்.இ.டி. விளக்கு சிலவேளை இதைக் காட்டிக்கொடுக்கும்: அணைத்த பிறகும் இருட்டில் மங்கலாக மினுங்கும். சுவிட்சில் உள்ள சிறு இண்டிகேட்டராலும் அப்படி மினுங்குவதுண்டு. எனவே மினுக்கத்தைக் கண்டால் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டுமே ஒழிய உரை எழுதக் கூடாது.

இனி, தொல்காப்பியர் நான்கனுள் ஒன்றாகச் சொன்ன 'சுண்ணம்' நன்னூலின் எட்டில் இல்லை. ஏன் விடப்பட்டது என்பதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் தரலாம். அண்ணாந்து கான்கிரீட்டில் டிரில் போட்டவர் கண்ணைக் கேட்டால் அது விடப்படவில்லை என்றே சொல்லும்.

6. வாய்மொழித் தேர்வு

விளக்கு எரிந்ததும் புறத்தேர்வாளராக மாமியார் வருவார். "பழசே நல்லா இருந்துச்சே" என்பார். இதற்கு விடை கூறலாகாது. பட்டம் உறுதி.

7. முடிபு

விளக்கு எரிவது இணைப்புச் சரி என்பதற்குச் சான்றாகாது. கட்டுரை அச்சேறுவது கருத்துச் சரி என்பதற்கும் சான்றாகாது. ஆய்வின் பயன் இவ்வளவே. எஞ்சியவை பக்கம் நிரப்ப எழுதியவை.

வாசகர்க்கு: புது லைன் இழுப்பதென்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய விளக்குக்குப் பதில் புதியது மாட்டுவது மட்டும்தான் என்றால், சுவிட்சை அல்ல, மெயினை நிறுத்துங்கள். நிறுத்தியதை வேறு யாரும் போட்டுவிடாதபடி ஓர் ஆளை அங்கே நிறுத்துங்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு வயரைத் தொடுங்கள். பொருள்கோளை இறங்கி வந்து படித்துக்கொள்ளலாம்.