டிசம்பர் 31 வரை இடிந்து விழாதே

டெல்லியில் ஒரு கட்டடம் இடிந்து விழ வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டுதான் விழ வேண்டும். இப்போதைய உத்தரவுப்படி 2026 டிசம்பர் 31 வரை அதற்கு அனுமதி இல்லை. விரிசல் விட்டாலும், அஸ்திவாரத்தில் தண்ணீர் நின்றாலும், இரண்டு மாடிக்குப் போட்ட தூணில் ஐந்து மாடி உட்கார்ந்திருந்தாலும், அந்தத் தேதி வரை தாக்குப்பிடிப்பது கட்டடத்தின் கடமை.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தேசியத் தலைநகர் பிரதேச டெல்லிச் சட்டங்கள் (சிறப்பு ஏற்பாடுகள்) இரண்டாம் சட்டம், 2011 என்று ஒன்று இருக்கிறது. தலைநகரில் விதியை மீறிக் கட்டியவற்றின் மீது குறிப்பிட்ட நாள் வரை எந்த அதிகாரியும் கை வைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். பெயரில் ஏன் 'இரண்டாம்'? அதே 2011-ல் முதலாவது ஒன்று போட்டு, அதுவும் ஆண்டுக் கடைசியில் காலாவதியானதால். ஒரே வருஷத்தில் இரட்டைப் பிரசவம்.

கதை 2006-ல் ஆரம்பிக்கிறது. குடியிருப்புப் பகுதிகளில் விதியை மீறி நடக்கும் கடைகளுக்குச் சீல் வையுங்கள் என்று பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநகராட்சி வைக்காது என்று தெரிந்தே மார்ச்சில் ஒரு கண்காணிப்புக் குழுவையும் போட்டது. கடைவீதிகள் கொதித்தன, ஷட்டர்கள் இறங்கின. அதுவரை ஒரு திருக்குறளுக்குக்கூட ஒரே பொருள் சொல்லாத கட்சிகள் எல்லாம் ஒரே குரலில் பேசின. மே மாதமே சட்டம் வந்துவிட்டது: ஒரே ஒரு வருஷம் அவகாசம் கொடுங்கள், அதற்குள் நல்ல கொள்கை ஒன்றை வகுத்துவிடுகிறோம்.

அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. 2008 டிசம்பர் 31 வரை, 2009 வரை, 2010 வரை, 2011 வரை. வருஷா வருஷம் வந்து வாய்தா கேட்பது வாங்குகிறவர்களுக்கே சலித்துப்போயிருக்க வேண்டும். அதன் பிறகு மூன்று மூன்று வருஷமாக்கிக்கொண்டார்கள். 2014, 2017, 2020, 2023, 2026. பெட்டிக்கடையில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று ஒரு பலகை தொங்குமே, அதைக் கழற்றி நாடாளுமன்ற வாசலில் மாட்டியிருக்கிறார்கள். கடைக்காரராவது பலகையை எழுதி மாட்டுவதோடு விடுவார். இங்கே விவாதம், வாக்கெடுப்பு, குடியரசுத் தலைவரின் கையெழுத்து என்று சகல மரியாதைகளோடும் மாட்டுகிறார்கள். ஆரம்பித்தது காங்கிரஸ் ஆட்சி, தொடர்வது பாஜக ஆட்சி. கல்லாவில் உட்காரும் ஆள்தான் மாறினார், பலகை அதேதான்.

இந்தச் சட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் வரும் திருத்தத்தின் முக்கால்வாசி என்ன தெரியுமா? சட்டத்தில் இருக்கும் வருஷத்தை எடுத்துவிட்டுப் புது வருஷத்தைப் போடு. அவ்வளவுதான். 2020-ல் அதற்கும் நேரமில்லை. காலக்கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, டிசம்பர் 30 அன்று, அவசரச் சட்டம் வந்தது. டிசம்பர் 31 என்பது டிசம்பர் 30-க்கு மறுநாள் வரும் என்பது முன்கூட்டியே ஊகிக்க முடியாத இயற்கைப் பேரிடர் அல்லவா! 2023 டிசம்பரில் மறுபடி மசோதா வந்தபோது இன்னும் சௌகரியம்: அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். டெல்லியில் 1,731 அங்கீகாரமற்ற குடியிருப்புகள் என்பது அரசே 2019-ல் வைத்துக்கொண்ட கணக்கு. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர், சட்டப்படி வீடு வாங்க வழியே வைக்காத ஊரில், கிடைத்த இடத்தில் நான்கு சுவர் எழுப்பிக்கொண்டவர்கள். அவர்கள் தலைக்கு மேல் புல்டோசர் வரக் கூடாது என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் இருபது வருஷம் இடிக்காமல் வைத்திருப்பது மட்டும் பாதுகாப்பாகிவிடுமா? தூணைப் பலப்படுத்தியிருக்கலாம், இரண்டாவது படிக்கட்டு வைக்கச் சொல்லியிருக்கலாம், தீயணைப்பு வண்டி நுழையும் அளவுக்குச் சந்துகளை அகலப்படுத்தியிருக்கலாம். அதற்காகத்தானே அவகாசம் கேட்டீர்கள்? இன்னொன்று: இந்த ஏழைப் பங்காளச் சட்டத்தின் பட்டியலில் விதியை மீறிய பண்ணை வீடுகளும் இருக்கின்றன. நீச்சல் குளத்துக்கும் வறுமை வரும்போல.

2010 நவம்பர் 15 இரவு, லக்ஷ்மி நகர் லலிதா பார்க்கில் அனுமதியில்லாமல் மாடிமேல் மாடி ஏற்றிய ஒரு கட்டடம் சரிந்தது. ஏறக்குறைய 70 பேர் செத்தார்கள். பிழைக்க வந்து வாடகைக்குக் குடியிருந்தவர்கள். அப்போது நடப்பிலிருந்த சட்டத்துக்கு ஆயுள் டிசம்பர் 31 வரை இருந்தது. வெறும் 46 நாள்! பொறுக்கத் தெரியாத கட்டடம்.

2019 டிசம்பர் 8 விடியற்காலை, அனாஜ் மண்டியில் பை தைக்கும் பட்டறைகள் இருந்த கட்டடம் எரிந்தது. வேலை முடித்து அங்கேயே தூங்கியவர்களில் 43 பேர் எழுந்திருக்கவில்லை. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை. சந்துக்குள் வண்டி போகவில்லை. 2022 மே 13, முண்ட்கா தீ: 27 பேர், அங்கும் சான்று இல்லை. தீயை அணைக்காதே என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை, அது உண்மைதான். கட்டடத்தைத் தொடாதே என்று மட்டும் இருபது வருஷமாகச் சொன்னது. தொடாமலே பழகிய கைகள் நோட்டீஸையும் தொடவில்லை, சான்றிதழையும் தொடவில்லை. வேறு எதைத் தொட்டன என்பதைக் கட்டடக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு 2024 ஜூலை 27. பழைய ராஜிந்தர் நகர். ஐ.ஏ.எஸ். கனவோடு நம்மூர்ப் பிள்ளைகளும் பெட்டி தூக்கிக்கொண்டு போய் இறங்குகிற இடம்தான். சாமான் வைக்கவும் வண்டி நிறுத்தவும் மட்டும் அனுமதி பெற்ற ஒரு பேஸ்மென்டில் நூலகம் நடந்தது. மாலை மழையில் சாலை வெள்ளம் உள்ளே பாய, படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் அங்கேயே மூழ்கினார்கள். இந்த நாட்டின் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று பரீட்சைக்காகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அது செய்முறையாகவே காட்டப்பட்டது.

போலீஸ் சும்மா இருக்கவில்லை. தேங்கிய தண்ணீரில் வண்டி ஓட்டிப்போன ஒருவரைக் கைது செய்தார்கள். அவர் கார் எழுப்பிய அலைதான் அந்தக் கட்டடத்தின் கேட்டை உடைத்ததாம். நல்லவேளை, பேஸ்மென்டுக்குள் நுழைந்ததற்காக மழைநீருக்கு நீங்கள் அபராதம் போடவில்லையே என்று டெல்லி உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. நாங்கள் நையாண்டி எழுதிப் பிழைக்கிறவர்கள். நீதிபதிகள் எங்கள் சோற்றில் கை வைக்கலாமா?

அந்த வெள்ளம் வடிய வேண்டிய சாக்கடையை ஏன் யாரும் தூர்வாரவில்லை என்று கேட்டால், எந்தச் சாக்கடை என்று கேட்பார்கள். தலைநகரில் மாநகராட்சிச் சாக்கடை, பொதுப்பணித் துறைச் சாக்கடை, ஜல் போர்டு சாக்கடை, டெல்லி வளர்ச்சி ஆணையச் சாக்கடை, வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறைச் சாக்கடை எல்லாம் தனித்தனி. தண்ணீருக்கு மட்டும் இந்த எல்லைப் பிரிவினை தெரியாது.

ஆனால் சாக்கடையைக் காப்பாற்ற அரசு இயந்திரம் மின்னலாகப் பாய்ந்த ஒரு நாளும் உண்டு. 2025 ஜூன் 1. பாராபுல்லா வடிகாலில் நீர் ஓட்டம் தடைபடுகிறது என்று நீதிமன்ற உத்தரவோடு புல்டோசர்கள் ஜங்புராவின் மதராசி கேம்ப்புக்கு வந்தன. தமிழ்நாட்டிலிருந்து போய், அறுபது வருஷமாக அக்கம்பக்கத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தெருக் கூட்டிப் பிழைத்தவர்களின் 370 வீடுகள் அன்றே தரைமட்டமாயின. மாற்று வீட்டுக்குத் தகுதி என்று முதல் கணக்கில் வந்தவர்கள் 189 குடும்பத்தினர். அதுவும் எங்கே? ஊரின் மறு கோடியில், நரேலாவில். காலை ஆறு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் தேய்க்க வேண்டியவள் நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவாள் என்று கணக்குப் போட எந்தத் துறையிலும் ஆள் இல்லை.

குடிசைப் பகுதிகளின் பெயரும் அந்தப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. பொதுத் திட்டங்களுக்கு நிலம் தேவைப்பட்டால் காலி செய்யலாம் என்று விலக்கும் இருக்கிறது. வடிகாலுக்கு மதராசி கேம்ப் நிலம் தேவைப்பட்டது. பண்ணை வீட்டு நிலம் யாருக்குத் தேவைப்படப் போகிறது?

2026 டிசம்பர் நெருங்கும்போது அமைச்சகத்தில் யாரோ ஒரு குமாஸ்தா கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அவருக்கு ஒரு யோசனை. இதற்கு முன்பெல்லாம் பழைய எண்ணை அழித்துப் புதிது எழுத வேண்டியிருந்தது. இந்த முறை வேலை மிச்சம். 2026-ல் கடைசியில் இருக்கும் 6-ஐ மட்டும் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். மூன்று வருஷம் கிடைத்துவிடும்.