பெயிண்டுக்கு அனுமதி உண்டு, பட்டிக்குக் கேட்பாரில்லை

பெறுநர்:
சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
நாடாளுமன்றச் சாலை, புது தில்லி.

பொருள்: ஒரு சிவப்பு மஸ்டாங்கின் பூர்வீகம் வேண்டி விண்ணப்பம்.

மேன்மை தங்கிய அமைச்சகத்தாருக்கு,

சென்னையில் ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. விலைக்கு வந்திருக்கிறது. எட்டு சிலிண்டர், 4951 சி.சி. 2016இல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலையே 65 லட்சம். இப்போது கேட்பதோ, இதே வயதுள்ள மற்ற மஸ்டாங்குகளைவிட ஏழெட்டு லட்சம் குறைவு. காரணம் கேட்டால், "ஓனர் ஃபாரின் போறார் சார், அவசரம்" என்கிறார் விற்பவர். இந்த ஊரில் பழைய கார் விற்கிற ஓனர்கள் எல்லோரும் ஃபாரின் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் எப்படித்தான் இடம் போதுகிறதோ. "அடிபட்ட வண்டியா?" என்று கேட்டேன். "சின்ன டச்சப்தான் சார். பம்பர் லேசா உரசிச்சு."

எதில் உரசியது, மரத்திலா லாரியிலா என்பதை அவர் சொல்லப்போவதில்லை. தங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித் தங்கள் எம்பரிவாகன் செயலியைத் திறந்தேன். பிரமித்துப் போனேன். பதிவு செய்த நாள், எரிபொருள், காப்பீடு எதுவரை, புகைச் சான்று எதுவரை, கடன் உண்டா இல்லையா, எத்தனையாவது உரிமையாளர், எல்லாம் இருக்கிறது. உரிமையாளர் பெயரைக்கூட நட்சத்திரக் குறிகளால் மறைத்து அவர் மானத்தைக் காத்திருக்கிறீர்கள். ஆர்.சி.யில் வண்டியின் எடை இருக்கிறது, நிறம் இருக்கிறது. வண்டி நசுங்கியதா என்பது மட்டும் எங்குமே இல்லை.

நிறத்தில் தாங்கள் காட்டும் கண்டிப்பு தனி. சிவப்பு வண்டியைக் கறுப்பாக்கினால் ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். அது அரசாங்க விவகாரம். அதே சிவப்பு வண்டி லாரிக்கு அடியில் புகுந்து, முன்பாதி மடங்கி, முன்சக்கரத்தை ஒட்டிய கட்டமைப்புத் தகடான ஏப்ரானை வெட்டியெடுத்து வேறொன்றை வைத்து வெல்டு அடித்து, மேலே பட்டி பூசித் தேய்த்து, மறுபடியும் அதே சிவப்பை அடித்தால் அது குடும்ப விவகாரம். நிறம்தான் மாறவில்லையே!

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு தங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அழிந்துபோன, அல்லது இனி ஒருபோதும் பயன்படாது என்றான வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவை ரத்து செய்ய வேண்டும். அருமையான பிரிவு. ஆனால் ஒருமுறை எங்கள் ஊர்ப் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்கு வந்து பார்த்திருந்தால் 'ஒருபோதும் பயன்படாது' என்று எழுதியிருக்க மாட்டீர்கள். பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டுக்காரர்கள் 'டோட்டல் லாஸ்' என்று கணக்கை முடித்து, ஓனருக்குப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். சிதைந்த வண்டி ஏலத்துக்குப் போகிறது. பதிவு ரத்தாகாவிட்டால் ஆர்.சி.யும் கூடவே போகிறது. டிங்கர் கைபட்டு அது மறுபிறவி எடுத்து வரும்போது பழைய எண், பழைய தேதி, மாசற்ற பெயர்.

பழைய கார் வியாபாரிகளுக்கென்று 2022 டிசம்பரில் புதிய விதிகள் கொண்டுவந்தீர்களே, அதையும் படித்தேன். வியாபாரி தன்னிடம் உள்ள வண்டியை வெளியே எடுத்தால் எதற்காக, யார் ஓட்டினார், எந்த நேரம், எத்தனை கிலோமீட்டர் என்று மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஆக, நான் ஓட்டிப்பார்க்க வண்டியைத் தெருமுனைவரை கொண்டுபோனால் அது வரலாற்றில் ஏறும். முன்னொரு நாள் அது எதன்மீது ஏறியது என்பது ஏறாது.

தாங்கள் கைவிட்ட பிறகு தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போனேன். பெயிண்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவி அவரிடம் இருக்கிறது. கம்பெனி பெயிண்ட் என்றால் சுமார் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். இடது ஃபெண்டரில் 130. வலது ஃபெண்டரில் 700ஐத் தாண்டியது, அவ்வளவும் பட்டி. பானட்டைத் தூக்கினால், கீல் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உரிந்திருந்தது. பிறகு லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்தார். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டு ஒரே இடைவெளியில் புள்ளி புள்ளியாக இருக்கும். வலப்பக்க ஏப்ரானில் புள்ளிகள் பாதியில் நின்று, அதற்கப்பால் மெழுகு வழிந்ததுபோல ஒரு கோடு. "பம்பர் உரசினதுக்கு ஏப்ரான்ல எதுக்கு சார் வெல்டிங்?" என்றார். விற்பவர் போனில் யாரையோ அழைக்கத் தொடங்கினார்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். இதில் எரியவே இல்லை. ஏர்பேக்கில் கோளாறு என்றால் விளக்கு அணையாமல் எரியுமே, அதனால் விளக்கையே ஊமையாக்கிவிட்டார்கள். முழுசாக இருந்தபோதே 2017இல் மோதல் சோதனை நடத்தும் யூரோ என்கேப் இந்த வண்டிக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தது. ஒட்டுப்போட்ட பிறகு எத்தனை என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. இந்த இஞ்சினை வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் 40இல் போகிறவர் யாருமில்லை என்பது தங்களுக்கும் தெரியும்.

உதிரிபாகக் கதை வேறு. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை இருந்ததே என்று ஆறுதலடைய முடியாது. மஸ்டாங் அங்கே செய்யப்பட்டதில்லை, மிச்சிகனிலிருந்து வந்தது. அந்த ஆலையும் 2022இல் கார் செய்வதை நிறுத்திவிட்டது. கடல் கடந்து வரவேண்டிய பாகம் வரும்வரை எந்த டிங்கர் சுத்தியலைக் கீழே வைப்பார்?

அடிபட்ட வண்டி என்றாலே தீண்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பம்பர், கதவு, ஃபெண்டர் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. பில்லும் பழைய படமும் காட்டி, விலையையும் குறைத்தால் தாராளமாக வாங்கலாம். கட்டமைப்பே வளைந்தது என்றால் வேண்டாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது அப்படியொன்றும் தேவ ரகசியமல்ல. பிரிட்டனில் கட்டமைப்பு அடிபட்டதற்கு 'எஸ்', மற்றதற்கு 'என்' என்று 2017 முதல் காப்பீட்டுக்காரர்கள் முத்திரை குத்துகிறார்கள். ஜப்பான் ஏலத்தில் ஒட்டிச் சேர்த்த வண்டிக்கு 'ஆர்' என்று தாளிலேயே போட்டுவிடுகிறார்கள். அந்த ஏலத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் வழக்கம் இலங்கையில் கார் வாங்குபவர்களுக்கு உண்டு.

தங்களிடம் தகவல் இல்லை என்றும் சொல்ல முடியாது. விபத்துகளைக் காவல்துறை பதிவதற்கென்று 'ஐராட்' தரவுத்தளம் வைத்திருக்கிறீர்கள். வடிவமைத்தது எங்கள் ஊர் ஐ.ஐ.டி. காப்பீடு எந்தத் தேதிவரை என்பது இன்றே தங்கள் செயலிக்கு வந்து சேர்கிறது. தேதி வருகிற அதே வழியில், வண்டிக்கு எவ்வளவு இழப்பீடு கொடுத்தார்கள் என்பதும் வரலாமே? அங்க அடையாளம் என்று என் பள்ளிச் சான்றிதழில் முழங்கால் தழும்பைக்கூட எழுதி வைத்த அரசாங்கம் இது. ஏறக்குறைய நானூறு குதிரைத்திறன் கொண்ட ஒரு வண்டியின் தழும்புக்கு ஆர்.சி.யில் ஒரு வரி ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மஸ்டாங் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் 'நான்-ஆக்சிடென்ட்' என்று புதிதாக ஒரு சொல் சேர்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
அட்வான்ஸ் கொடுக்காத குடிமகன்,
சென்னை.