30 மில்லிமீற்றர் வேண்டி ஒரு விண்ணப்பம்

கொழும்பு 1, செயலகக் கட்டடத்தில் வீற்றிருக்கும் திறைசேரியின் செயலாளர் அவர்களின் மேலான சமுகத்துக்கு,

ஐயா,

தேசத்தின் வரவையும் செலவையும் சமன்செய்யும் மகத்தான கைங்கரியத்தில் அல்லும் பகலும் ஈடுபட்டிருக்கும் தங்களுக்கு, கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் ஓய்வூதியத்தையும் சிறிது வயலையும் நம்பிச் சீவிக்கும் முன்னாள் ஆசிரியன் ஒருவன், தன் குடும்பத்துக்கு வாங்க உத்தேசித்திருக்கும் மோட்டார் வாகனம் தாழ்ந்த சிறிய செடான் காராக இருக்கவேண்டுமா, உயர்ந்த சிறிய ஜீப்பாக இருக்கவேண்டுமா என்னும் அற்ப விஷயத்தைப் பற்றிக் கடிதம் எழுதத் துணிவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தாங்கள் கருதக்கூடும். ஆயினும், அந்த விஷயத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் எனக்கோ, என் மனைவிக்கோ, கனடாவிலிருந்து பணம் அனுப்பச் சம்மதித்திருக்கும் என் மூத்த மகளுக்கோ கிடையாது. அது பரிபூரணமாகத் தங்கள் காரியாலயத்தின் வசத்திலேயே இருக்கிறது. ஆகையால் சம்சயத்தையும் அங்கேயே சமர்ப்பிப்பதுதான் முறை.

முதலில் விஷயத்தை விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் நிலத்தைவிட்டுச் சற்றே எழும்பி நிற்கும் எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஜீப் என்றே பெயர். விற்பவர்கள் அதற்குக் குறொஸ்ஓவர் என்றும் எஸ்யூவி என்றும் பலவாறு நாமகரணம் செய்தாலும், மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது சாதாரணக் காரின் எஞ்சினே. நாங்கள் விலை கேட்கக்கூடிய சிறியவற்றுள் பெரும்பாலானவை முன்சில்லுகள் இரண்டினால் மாத்திரமே இழுபடுபவை. சேற்றில் புதைந்தால் செடான் எந்த இடத்தில் நிற்குமோ அந்த இடத்திலேயே, சற்றுக் கம்பீரமாக, நிற்பவை. மாரிகாலத்துக்கென்று முழங்கால் சப்பாத்து மாட்டிக்கொண்ட கார் என்று சொன்னால் தகும். ரொயோட்டா அக்சியோ என்னும் செடானின் வயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையே ஏறத்தாழ 155 மில்லிமீற்றர் இடைவெளி. அதே கம்பனியார் 2019 இல் வெளியிட்ட ரெய்ஸ் என்னும் சிறிய ஜீப்புக்கு 185 மில்லிமீற்றர். வித்தியாசம் 30 மில்லிமீற்றர், அதாவது ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த ஒன்றேகால் அங்குலத்தில்தான், ஐயா, என் வீட்டின் சமாதானம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

என் மனைவியின் தம்பி, கண்டி வீதியில் வாடகைக்கு ஹயஸ் வான் ஓட்டித் தலை நரைத்தவர், செடான் கட்சிக்காரர். "அத்தான், கார் எண்டால் அது காராய் இருக்கவேணும். அக்சியோவின்ர டிக்கியைத் திறந்து பாருங்கோ, ஒரு மூடை நெல்லை வளத்திக்கொண்டு வரலாம். ஜீப்பில பின்னுக்கு ஏத்தினால் உமித்தூசு அக்காவின்ர சீலை வரைக்கும் வரும்" என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. போருக்குப் பின் காபெற் போட்டுப் புனரமைத்த ஏ9 வீதியில், மாங்குளம் தாண்டி, பரந்தன் தாண்டி, ஆனையிறவில் சோழகக் காற்று பக்கவாட்டில் மோதும்போது, உயர்ந்த வாகனம் அசைவதுபோல் தாழ்ந்தது அசைவதில்லை என்பதும், எரிபொருள் விஷயத்தில் அது கையைக் கடிப்பதில்லை என்பதும் பிரத்தியட்சம். யாழ்ப்பாணத்துக்கு வைத்தியத்துக்குப் போவதும், வைகாசியில் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கப் போவதுமே எங்கள் யாத்திரைகள் என்றால், செடானே உத்தமம் என்று நானும் கையெழுத்திட்டிருப்பேன்.

ஆனால் எந்த யாத்திரையும் வீட்டுப் படலையிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது. படலைக்கும் காபெற்றுக்கும் இடையில் கிடப்பது கிறவல் வீதி. மாசி, பங்குனியில் காலபோக நெல்லை ஏற்றிக்கொண்டு உழவு இயந்திரங்கள் பெட்டியோடு அந்த வீதியால் போய்வந்து, பெரிய சில்லுகள் உருளும் இரண்டு தடங்களையும் பள்ளமாக்கி, நடுவில் ஒரு வரம்பை எழுப்பிவிடுகின்றன. அடுத்த மாரி அந்த வரம்பைக் கரைக்கும் என்று யாரும் எண்ணவேண்டாம். தடங்களில் ஓடும் வெள்ளம் தடங்களை மேலும் தோண்ட, வரம்போ கோடைவெயிலில் கல்லாக இறுகி, தலையில் புல்லும் முளைத்து, நிரந்தர உத்தியோகம் பெற்றுவிடுகிறது. தாழ்ந்த கார் ஒன்று அங்கே இறங்கினால், முதலில் புல் வயிற்றைத் தடவும் மெல்லிய ஓசை கேட்கும். பின்னர் பரல் சுரண்டும் ஓசை. அதன் பின்னர் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்துக்கொள்ளும் ஓசை. பிறகு திரும்பிப் பார்த்தால் மண்ணிலே ஒரு கறுத்தக் கோடு, எஞ்சின் ஓயில் சொட்டிக்கொண்டு போன கோடு, வளைந்து வளைந்து வரும். எங்கள் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் பெடியன், என்னிடம் கணக்குப் படித்தவன், இதைத் தர்க்க சாஸ்திரமாகவே சொன்னான்: "மாஸ்ரர், சம்ப் வெடிச்சால் ஓயில் போகும், ஓயில் போனது தெரியாமல் ஓடினால் எஞ்சின் போகும், பிறகு டிக்கியில நெல்லு வைச்சென்ன, தங்கம் வைச்சென்ன?"

இவ்விரு கட்சிகளுக்கும் நடுவில் நின்று தத்தளிக்கும் வேளையில்தான் தங்கள் வர்த்தமானி எனக்கு வழிகாட்டியது. 2025 சனவரியில் வெளியான வரிக்கிரமத்தின்படி, 1000 கன சென்றிமீற்றருக்கு மேற்படாத பெற்றோல் எஞ்சினுக்கு ஒவ்வொரு கன சென்றிமீற்றருக்கும் 2,450 ரூபா உற்பத்தி வரி. 1000ஐத் தாண்டினால் 3,850. 1300ஐத் தாண்டி 1500 வரையில் 4,450. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியனுக்கு இதைவிட இனிய பொழுதுபோக்கு வேண்டுமா? ரெய்ஸ் ஜீப்பின் மூன்று சிலிண்டர் எஞ்சின் 996 கன சென்றிமீற்றர். பெருக்கினால் 24,40,200 ரூபா. அக்சியோவின் பெற்றோல் எஞ்சின் 1,496. பெருக்கினால் 66,57,200 ரூபா. நிலத்தோடு ஒட்டிப் பணிவாக ஓடும் கார், தலை நிமிர்ந்து நிற்கும் ஜீப்பைவிட 42 இலட்சம் ரூபா அதிகமாக உற்பத்தி வரி செலுத்தவேண்டும். இதன்மேல் 20 வீதச் சுங்க வரி, அந்தச் சுங்க வரியில் பாதி மேலதிகமாக, பிறகு இவற்றையெல்லாம் சேர்த்துக் கூட்டிய தொகையின்மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரி. வரிக்கும் வரி கட்டும் பாக்கியம் எல்லாத் தேசத்தாருக்கும் வாய்ப்பதில்லை.

அந்த 996 என்னும் இலக்கத்தை நான் வெகுநேரம் வியந்துகொண்டிருந்தேன். யப்பானிலும் வருடாந்த மோட்டார் வரியின் முதற்படி 1000 கன சென்றிமீற்றரோடு முடிகிறது. ஆகையால் அந்நாட்டுப் பொறியியலாளர்கள் வரம்புக்கு 4 கன சென்றிமீற்றர் இப்பால் நின்றுகொண்டார்கள். இன்னும் 5 கன சென்றிமீற்றர் பெருத்திருந்தால், தங்கள் அட்டவணையில் அதே எஞ்சின் 38,53,850 ரூபா ஆகியிருக்கும். ஐந்து கன சென்றிமீற்றர் என்பது பனடோல் பாணி குடிக்கும் ஒரு தேக்கரண்டியின் அளவு. அதற்கு விலை ஏறத்தாழ 14 இலட்சம் ரூபா. ஆக, வன்னியிலே கிறவல் வீதியில் வயிறு உரசாமல் போக ஆசைப்பட்ட ஒரு கிழவன் எந்த வாகனத்தில் ஏறவேண்டும் என்பதை யப்பானிய வரி உத்தியோகத்தர்களும் தாங்களுமாகத் தீர்மானித்துவிட்டீர்கள். அவன் வீதியை மாத்திரம் எவரும் அளக்கவில்லை. எஞ்சினுக்குள்ளே இருக்கும் வெற்றிடத்தைக் கன சென்றிமீற்றரில் அளக்கும் சாமர்த்தியம் அரசிடம் இருக்கிறது. எஞ்சினுக்குக் கீழே இருக்கும் குழியை அளக்க ஓர் அடிமட்டம் இல்லை.

(இவ்விடத்தில் ஒரு வேண்டுகோள். வயிற்று உயரத்துக்கு மில்லிமீற்றருக்கு இவ்வளவு என்று வரி விதிக்கலாமே என்னும் எண்ணம், மேலுள்ள பந்தியை வாசிக்கும் தங்கள் உத்தியோகத்தர் எவருக்கேனும் உதித்தால், அதை நான் எழுதியதாகக் கொள்ளவேண்டாம்.)

குழியைப் பற்றி முறையிட வேண்டிய இடம் திறைசேரி அல்லவென்று தாங்கள் சொல்லுவீர்கள். சரிதான். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. சீ, டீ தரத்தவை மாகாணத் திணைக்களத்துக்கு. அதற்குக் கீழ்ப்பட்டவை பிரதேச சபைகளுக்கு. குளக்கட்டின் மேற்போகிறவை நீர்ப்பாசனத்தாருக்கு. காட்டுக்குள் நுழைந்துவிட்டால் வனவளத்தார் ஆட்சி. ஒரே மாட்டுவண்டிப் பாதை குளக்கட்டிலே ஒருவருக்கும், மதகைத் தாண்டியவுடன் இன்னொருவருக்கும் சொந்தமாகும் அத்வைதத்தை எங்கள் கட்டாக்காலி மாடுகள் மாத்திரமே பூரணமாக அனுபவிக்கின்றன. இந்த இலாகாக்கள் அனைத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொண்டே போனால், விசாரணை தங்கள் வாசலில்தான் வந்து முடிகிறது.

எங்களுக்கு வாகன விஷயத்தில் பொறுமை பழகிப்போன சங்கதி. 1990களில் பெற்றோல் தடைசெய்யப்பட்ட பண்டமாக இருந்தபோது, தேசத்தின் மற்றப் பாகங்களில் நூதனசாலைக்குத் தகுதி பெற்றிருந்த ஒஸ்டின், மொறிஸ் கார்களை, ஒரு சின்னப் போத்தலிலிருந்து காபரேற்றருக்குச் சில துளி பெற்றோல் காட்டி எழுப்பி, எழும்பியவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகைமண்டலத்தினிடையே மணவறைக்கும் மருத்துவமனைக்கும் ஓட்டியவர்கள் நாங்கள். 2009 இல் முள்ளிவாய்க்காலில் விட்டுவந்த உழவு இயந்திரங்களும் வான்களும் மோட்டார் சைக்கிள்களும் எரிந்து துருப்பிடித்துக் குவிந்து கிடந்தபோது, அவற்றுக்குக் கட்டிய தீர்வையைத் திருப்பித் தரும்படி எவரும் தங்கள் காரியாலயத்துக்கு விண்ணப்பித்ததாக நான் கேள்விப்படவில்லை. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்படும் வரையில், கார் பழசாகப் பழசாக விலை குறையும் என்னும் லோக நியதியே இத்தீவில் இடைநிறுத்தப்பட்டு, பழைய கார் வைத்திருந்தவன் வாங்கிய விலைக்கு மேலே விற்றுப் பிரபுவானான். அப்போதும் நாங்கள் காத்திருந்தோம். 2025 ஒக்டோபரில் ரொயோட்டா கம்பனியார் அக்சியோவின் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் பொறுமை அவர்களுக்கு இல்லை.

ஆகவே, ஐயா, என் தீர்மானம் இது. மைத்துனர் கட்சியையும் டிக்கியையும் துறந்து, லீசிங்குக்கும் தலைகொடுத்து, ஒரு கோடியைத் தாண்டும் விலைக்குச் சிறிய ஜீப்பையே வாங்கப்போகிறேன். அதை நான் விரும்பியதால் அல்ல. என் ஊர் வீதியின் வரம்பை 30 மில்லிமீற்றர் தாழ்த்திச் செப்பனிடும் வேலையை எந்த இலாகாவும் செய்யாததால், என்னை நானே 30 மில்லிமீற்றர் உயர்த்திக்கொள்வது ஒன்றே எஞ்சியிருக்கும் உபாயம் என்பதால். வீதி போடுவது அரசின் கடமை என்றால், அந்தக் கடமையில் ஒன்றேகால் அங்குலத்தை நான் என் சொந்தச் செலவில் நிறைவேற்றப்போகிறேன்; அதற்கும் தாங்கள் என்னிடமே வரி வசூலிக்கிறீர்கள்.

அந்த 24,40,200 ரூபாவைத் திருப்பிக் கேட்கும் அளவுக்கு நான் பேராசைக்காரன் அல்லன். பற்றுச்சீட்டில் உற்பத்தி வரி என்று அச்சிட்டிருக்கும் இடத்தில், 'வீதிக்காக முற்பணம்' என்று பேனாவினால் திருத்தி, முத்திரை குத்தி அனுப்பிவைத்தால் போதும். வருகிற காலபோக அறுவடைக்கு முன்னர் கிடைத்தால் உபகாரமாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன்,
கிளிநொச்சி மாவட்டம்.

பிரதி: எங்கள் வீதியின் சொந்தக்காரர் எவரோ, அவருக்கு, தகவலுக்கும் அவசியமான நடவடிக்கைக்குமாக.