நடுவர் எழுதிய பத்துப் பக்கம்

எண்பதுகளில் ஆய்வு மாணவராக இருந்தவர்களுக்கு அந்த மாலைகள் நினைவிருக்கும். டைப்ரைட்டரில் கிரேக்க எழுத்துகள் கிடையாது என்பதால், தட்டச்சர் விட்டுவைத்த இடைவெளிகளில் ஆல்ஃபாவையும் லாம்டாவையும் கறுப்பு மையால் நாமே நிரப்பி, டிரேசிங் தாளில் ராட்ரிங் பேனாவால் வரைபடம் போட்டு, கடைசி வளைவில் மை கசிந்தால் பிளேடால் மெல்லச் சுரண்டி, பிரதிகளைத் தடித்த உறையில் இட்டு, ஏர்மெயில் தபால்தலைக்குக் கைடிடம் பணம் வாங்கிக்கொண்டு அண்ணா சாலை அஞ்சலகத்தில் வரிசையில் நிற்போம். உறைமேல் ரிட்ஜ், நியூயார்க் என்று எழுதியிருக்கும். ‘பிசிக்கல் ரிவ்யூ’ என்ற இயற்பியல் இதழின் அலுவலகம் இருந்த ஊர். பிறகு மாதக்கணக்கில் தபால்காரரின் கையையே பார்த்திருப்போம்.

ஒருநாள் பதில் வரும். இதழாசிரியரின் கடிதத்துக்குப் பின்னால், கட்டுரையை மதிப்பிட்ட, பெயர் மறைத்த நடுவரின் அறிக்கை. ஐந்தாம் சமன்பாட்டிலிருந்து ஆறாவது எப்படி வந்தது என்று அதில் கேட்டிருந்தால், அந்த மனிதர் தானும் உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். உலகின் ஏதோ மூலையில் ஒருவர், கூலியில்லாமல், முன்பின் அறியாத ஒரு மாணவனுக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டிருக்கிறார்! கட்டுரை திரும்பி வந்த வருத்தத்தினூடே அந்த நினைப்பு தந்த பெருமிதம் தனி. கேன்டீனில் டீ ஆறும்வரை, யாருடைய கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்கிறார் என்பதை வைத்து அவர் யாரென்று ஊகிப்போம்.

நடுவர் படித்துச் சரிபார்க்கும் அந்தப் பழக்கத்தின் அருமைக்கு 1936-இல் நடந்ததைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஈர்ப்பலைகள் இல்லை என்ற முடிவோடு ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் இதே ‘பிசிக்கல் ரிவ்யூ’வுக்குக் கட்டுரை அனுப்ப, ஆசிரியர் ஜான் டேட் அதை ஒரு நடுவரிடம் கொடுத்தார். ஐன்ஸ்டைன் என்பதற்காகத் தயங்காமல், நடுவர் பத்துப் பக்கம் எழுதிப் பிழையைக் காட்டினார். அச்சேறும் முன் பிறரிடம் காட்ட யார் அனுமதித்தது என்று சினந்து ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் மறு ஆண்டு ‘ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்’ இதழில் அது வெளிவந்தபோது முடிவு மாறியிருந்தது. நடுவராக இருந்த எச். பி. ராபர்ட்சன், பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டிடம் பேச்சோடு பேச்சாகப் பிழையை விளக்கியிருந்தார், தான்தான் அந்த நடுவர் என்று காட்டிக்கொள்ளாமலே. ‘பிசிக்கல் ரிவ்யூ’வின் பழைய பதிவேட்டிலிருந்து அவர் பெயர் உறுதியாகி வெளியானது 2005-இல்தான்.

அதே ஈர்ப்பலை 2015 செப்டம்பரில் லைகோ ஆய்வகத்தின் கருவிகளில் பதிவானது. அதை அறிவித்த கட்டுரை ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழுக்கு 2016 ஜனவரி 21-இல் போய்ச் சேர்ந்து, நடுவர்களைக் கடந்து, பிப்ரவரி 11-இல் வெளிவந்துவிட்டது. மூன்றே வாரம், நாங்கள் அனுப்பிய உறை கடல் தாண்டியிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய ‘ஆர்க்சிவ்’ என்ற இணையக் களஞ்சியம் வந்தபின், முன்பு பெரிய நிறுவனங்களின் அலமாரிகளுக்கு மட்டும் தபாலில் வந்த, இதழில் அச்சேறாத முன்பிரதிகளை இன்று சிவகாசிக் கல்லூரி மாணவியும் அதே நாளில் படிக்கிறாள். இதற்கு முன்னால் ராட்ரிங் பேனாவாவது, தபால்தலையாவது!

ஆனால் வேகத்தோடு வேறொன்றும் வந்தது. 2023-இல் மட்டும் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வெளியான பிறகு திரும்பப் பெறப்பட்டன. பெரும்பாலானவை ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. 2025-இல் சில முன்பிரதிகளில், கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில், இதைப் பாராட்டி எழுது என்று நடுவருக்குப் பதிலாகப் படிக்கக்கூடிய செயற்கை நுண்ணறிவுக்கு இட்ட கட்டளைகள் அகப்பட்டன. ஏமாற்று என்பதைவிட அதில் என்னை வருத்துவது, மனிதர் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை என்று எழுதியவரே முடிவு கட்டிவிட்டதுதான்.

இன்று நடுவராக என்னிடம் வரும் கட்டுரைகளை அச்செடுத்து, சமன்பாடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன். கெடு முடிகிறது என்று கணினி நினைவூட்டல் அனுப்பும். இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று ஆசிரியருக்கு எழுதுவேன். பெரும்பாலும் மறுக்காமல் தருகிறார்கள்.