நாளைக் காலைக்குள் நாற்பது சட்டை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருமாகறலீஸ்வரர் கோயிலால் பெயர் விளங்கும் மாகறல் போன்ற ஊர்களில், விவசாயி, வாத்தியார், மனைத் தரகர், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் என்று முன்பே நிலைபெற்றுவிட்ட மனித வகைகளோடு, அண்மைக் காலத்தில் இன்னொரு வகையும் வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டில் ஓர் அறையைக் கைப்பற்றி, அதில் ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான்களைப் பரப்பி, கேட்டவர் கேட்ட வாசகத்தைப் பனியன் துணிச் சட்டையில் அச்சிட்டுத் தருகிற இந்த இளைஞரை ஊர் ‘டி-ஷர்ட் அண்ணன்’ என்று அழைக்கிறது. அவரோ தம்மை ஒரு ‘பிராண்டின்’ நிறுவனர் என்று கருதுகிறார். இரண்டில் எது சரி என்பது மாதக் கடைசியில் தெரிந்துவிடும்.

இவர் பரம்பரை அச்சாளர் அல்லர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து, ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ காண்ட்ராக்ட் அடிப்படையில் சில ஆண்டுகள் ஷிப்ட் பார்த்து, இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் தூக்கம் பிடிக்காத ஒரு விடியற்காலையில், வீட்டிலிருந்தே லட்சம் சம்பாதிப்பது பற்றிய யூடியூப் காணொளியைப் பார்த்து மனம் மாறியவராகவே பெரும்பாலும் இருப்பார். அந்தக் காணொளியில் பேசுபவர், ஒரு சட்டையில் நிற்கும் லாபத்தை நூறால் பெருக்கி, வந்ததை முப்பதால் பெருக்கி, விடையை மஞ்சள் எழுத்தில் திரை முழுக்கக் காட்டுவார். தினம் நூறு பேர் சட்டை கேட்டு வாசலில் நிற்கும் ஊர் எது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

வேலையை விட்டதும் முதற்காரியம் பெயர் சூட்டல். குலதெய்வத்தின் பெயரோ அக்கா மகளின் பெயரோ முன்னால் நிற்க, ‘கிரியேஷன்ஸ்’ என்பது தவறாமல் பின்னால் வரும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பதால், அந்தச் சான்றிதழை வண்ணத்தில் எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுகிறார். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் தருவார்கள் என்பதையும் அவர் படித்திருக்கிறார். அதைக் கேட்டுப் போகும் நாள்களிலெல்லாம் கிளை மேலாளர் மீட்டிங்கில் இருப்பார் என்பதை மட்டும் போய்த்தான் தெரிந்துகொள்கிறார். ஆகவே முதலீடு அம்மாவின் வளையலிலிருந்தும் மகளிர் குழுக் கடனிலிருந்தும் வருகிறது. தொழில் முனைவோர் பற்றிய கருத்தரங்குகளில் இந்த இரண்டு நிதி நிறுவனங்களுக்கும் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

தொழிலின் அடிப்படை எளிது. ஸ்கிரீன் என்பது மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. அதில் வேண்டிய எழுத்தின் வடிவுக்கு மட்டும் கண்களைத் திறந்துவிட்டு மற்றவற்றை அடைத்து, கீழே சட்டையை விரித்து, மேலே மையை ஊற்றி, ஸ்குவீஜி எனப்படும் ரப்பர் பட்டை பதித்த கட்டையால் ஒரே அழுத்தமாக இழுத்தால், திறந்த கண்களின் வழியே மை துணியில் இறங்கும். மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் 1907-இல் இதற்குக் காப்புரிமை பெற்ற காலத்தில் அந்த வலை பட்டாலானது, இன்று பாலியஸ்டர். பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தைத் தாண்டிச் சென்னைப் பாரிமுனையில் பாலியஸ்டர் வலை வாங்கி வருவதில் நம்மவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1962-இல் நடிகை மர்லின் மன்றோவின் முகத்தை இதே முறையில் வரிசை வரிசையாகப் பதித்து உலகப் புகழ் பெற்றார். அதே முறையில் கபடிக் குழுவின் பெயரைப் பதித்தவருக்கு மாகறலில் கிடைப்பது, “இன்னாண்ணா, கலர் கொஞ்சம் டல்லா கீது” என்ற கலை விமர்சனம்.

வலையில் எழுத்தைப் பதிக்கும் கட்டமே இத்தொழிலின் ரகசியமும் சோதனையும் ஆகும். எமல்ஷன் எனப்படும் பசையில், ஒளிபட்டால் இறுகும் தன்மையை ஊட்டுவதற்காகப் பைகுரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பைக் கலந்து, வலையின் மேல் மெல்லிதாகப் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். காய்ந்தபின், எழுத்துகள் அடர் கறுப்பில் அச்சான ஒளிபுகும் தாளை (அச்சாளர் மொழியில் ‘பாசிட்டிவ்’) அதன்மேல் ஒட்டி வெளிச்சம் காட்டினால், ஒளிபட்ட இடமெல்லாம் இறுகிவிடும்; எழுத்தின் மறைவில் இருந்த இடம் மட்டும் இறுகாமல் நின்று, தண்ணீர் பீய்ச்சியதும் கரைந்தோடி மைக்கு வழிவிடும். இதற்கென நூல்கள் கூறும் இருட்டறை, மாகறலில் நெல் மூட்டை அடுக்கும் அறையாகும். சன்னலைக் கோணியால் அடைத்துக் கதவை உள்தாழிட்டுக்கொண்டு அவர் வேலையில் ஆழ்ந்திருக்கும்போது வெளியிலிருந்து குரல் வரும்: “டேய், நெல்லு ரூம்ல பூட்டிக்கினு இன்னாடா பண்ற?” உள்ளிருந்து பதில் வரும்: “தொறக்காதம்மா, வெளிச்சம் பட்டா எல்லாம் பூடும்!” வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற எந்த வேலையும் யோக்கியமான வேலையாக இருக்க முடியாது என்பது அம்மாவின் துணிபு. அதை அவர் பெரியம்மாவிடம் சொல்ல, பெரியம்மா குழாயடியில் சொல்ல, வாரக் கடைசிக்குள் கள்ளநோட்டு என்ற சொல் தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுகிறது.

இங்கே வேடிக்கையை நிறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பைகுரோமேட் நஞ்சு, அதிலுள்ள குரோமியம் தோலைப் புண்ணாக்குவதோடு புற்றுநோயும் விளைவிக்கக் கூடியது. அதைக் கையுறையின்றித் தொடுவதும், பழைய சாம்பார்க் கிண்ணத்தில் கலப்பதும், கழுவிய நீரை வாழைக்குப் பாய்ச்சுவதும் கூடாது. அது சேராத டையசோ வகை எமல்ஷன் கடைகளில் கிடைக்கிறது. விலை கூடுதல் என்பதுதான் அதன்மேல் உள்ள ஒரே குறை.

வெளிச்சத்துக்கு மொட்டைமாடி வெயிலே போதும், டியூப்லைட் பெட்டி வேண்டாம் என்று சிக்கனமாகத் தொடங்குகிறவர், வெயிலுக்கு வோல்டேஜ் நிலையாக இராது என்பதை விரைவில் உணர்கிறார். கொஞ்சம் அதிகம் காட்டினால் எழுத்தும் சேர்ந்து இறுகிவிடும். நடுவில் ஒரு மேகம் கடந்தால், தண்ணீர் பட்டதும் பூச்சு முழுவதும் வழிந்து வெறும் வலை மிஞ்சும். இத்தனையும் கடந்து வெளிவரும் முதல் சட்டை எப்போதும் அவருக்கே உரியது. அதன் நெஞ்சில் சொந்த பிராண்டின் பெயர் இருக்கும். பாசிட்டிவைப் புரட்டி ஒட்டிவிட்டதால் அது இடம் வலமாக விழுந்திருக்கும் என்பதை அவர் உடனே கவனிப்பதில்லை, ஏனெனில் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் முதலில் போய் நிற்பது பீரோக் கண்ணாடியின் முன்னால். அங்கே எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது.

மை துணியில் விழுந்துவிட்டால் மட்டும் போதாது, வேகவும் வேண்டும். பிளாஸ்டிசால் எனப்படும் பிளாஸ்டிக் கலந்த மை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்தால்தான் நிலைக்கும். இதற்கான சூட்டு இயந்திரம் வாங்கும் வரை வீட்டு இஸ்திரிப் பெட்டியே அந்தப் பொறுப்பை ஏற்கிறது. பெட்டி நின்று சூடேறிய இடத்தில் எழுத்து நிற்கும். அவசரமாகக் கடந்த இடத்தில், துவைக்கும்போது பாளம் பாளமாக உதிரும். முதுகில் ‘மாகறல் சிங்கங்கள்’ என்று பெருமையோடு புறப்பட்ட ஒரு குழு, இரண்டாம் துவைப்புக்குப் பின் ‘மாகறல் சிங்’ என்று பஞ்சாபியராக மைதானத்தில் இறங்கியதும், ஐந்தாம் துவைப்புக்குப் பின் வெறும் ‘மாகறல்’ ஆனதும் இத்தகைய வளர்ச்சிக் கட்டத்தில் நிகழ்வனவே. ஊர்ப் பெயராவது நின்றதே என்று அச்சாளர் ஆறுதல் சொல்வார்.

தமிழ் எழுத்து தனி அத்தியாயம். கைப்பேசியில் ஒழுங்காகத் தெரிந்த வாசகம், பழைய போட்டோஷாப்பில் ஒட்டியவுடன் கொம்பும் காலும் பிரிந்து சிதறும். இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை அந்த மென்பொருளில் தனியே இயக்கிவிட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்பதற்குப் பதிலாகப் பின்னால் போய் நிற்க, ‘வெற்றி’ என்ற சொல் யாராலும் படிக்க முடியாத ஒன்றாகிவிடும். யூனிகோட் பரவுவதற்கு முன்பு புழங்கிய பாமினி முதலான எழுத்துருக்களில் தட்டச்சு செய்து இதைச் சமாளிக்கிறவர்கள் உண்டு. ஆனால் கோப்பைத் திறக்கும் இன்னொரு கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால், அம்மன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் வரிசை கட்டி நிற்கும். அதைத் தெய்வ வாக்கென்று எண்ணி அப்படியே அச்சிட்டுவிடாமல் இருக்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண் உள்ளவர்தான் தொழிலில் நிற்கிறார்.

வாடிக்கையாளர் என்போர் எல்லாருமே இவருக்கு மாமன், மச்சான், கூடப் படித்தவன், அல்லது கூடப் படித்தவனின் தம்பி. அவர்களுள் தலையாயவர் கிரிக்கெட் கேப்டன். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் என்பது ஒரு மாதமாகத் தெரிந்திருந்தும், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத்தான் அவர் வருவார். “ண்ணா, காலைல மேட்ச். நாப்பது டி-ஷர்ட் வோணும்.” ஆடுபவர் பதினொருவர் ஆயிற்றே என்று வியப்பவர் ஊரை அறியாதவர்: மாற்று ஆட்டக்காரர், ஸ்கோர் எழுதுபவர், மைக் பிடிப்பவர், போன வருஷம் ஆடியவர், உபயதாரர், உபயதாரரின் மகன், மகனின் நண்பர்கள் என்று கணக்கு இயல்பாகவே நாற்பதைத் தொடும். சைஸ் கேட்டால், “எல்லாருக்கும் எல் போட்ருண்ணா” என்பார். மறுநாள் உபயதாரர் அந்த எல்-க்குள் தொப்புள் வரை மட்டுமே நுழைந்து நிற்கும்போது, பழி சட்டை தைத்த திருப்பூரைச் சேராமல் அச்சடித்தவரையே சேரும்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு சரித்திரப் பெருமை உண்டு. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில், வெட்டப்பட்ட குடவோலைத் தேர்தல் விதிகளின்படி, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் ஆவர். அந்த விதி அக்கம்பக்கத்துக் கிரிக்கெட் குழுக்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தால், சட்டைக்கென்று தலைக்கு 250 ரூபாய் வசூலிக்கும் கேப்டன் பதவிக்கு இப்பகுதியில் ஆளே கிடைத்திருக்க மாட்டார்.

கேப்டனுக்கு அடுத்தவர் ஒற்றைச் சட்டைக்காரர். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு, குழந்தையின் படத்தோடு, ஏழு வண்ணத்தில் ஒரே ஒரு சட்டை கேட்பார். ஸ்கிரீன் முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் வேண்டும்; ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும்; பிசகினால் ‘ரிஜிஸ்டர் விலகிவிட்டது’ என்பார்கள், குழந்தைக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். ஒரே வடிவத்தைப் பல சட்டைகளில் அடிக்கும்போதுதான் இம்முறை கட்டுப்படியாகும். ஒற்றைச் சட்டைக்கு டி.டி.எஃப். என்னும் முறை உண்டு. கணினியிலிருந்து நேரே பிலிமில் அச்சாகும் படத்தைச் சூட்டால் துணியில் ஒட்டிவிடுகிறார்கள். பாலியஸ்டர் ஜெர்சியாக இருந்தால், மையை ஆவியாக்கி இழைக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் இருக்கிறது. இவற்றையெல்லாம் அவர் பொறுமையாக விளக்கி முடித்ததும் வந்தவர் கேட்பார்: “சரி, நம்மாளுக்கு எவ்ளோ கம்மி பண்ணுவ?”

இத்தனைக்கும் நடுவே அவரைத் தாங்கி நிற்பது ஒரு கனவு. 2020 செப்டம்பரில் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் தமிழ் வாசகச் சட்டைகளில் நிற்கும் படம் பரவி, ‘ஹிந்தி தெரியாது போடா’ என்ற மூன்று சொற்களுக்காகத் திருப்பூருக்கு ஆர்டர் குவிந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஒரே நிறம், ஒரே ஸ்கிரீன், படம் கிடையாது: அச்சாளனின் கண்ணுக்கு அதைவிட அழகான வாசகம் இல்லை. அப்படியொரு மூன்று சொல் தமக்கும் ஒரு நாள் தோன்றும் என்று நம்பி, நோட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறார். அந்த நோட்டின் மற்ற பக்கங்களில் இருப்பது பாக்கிப் பட்டியல்.

அந்தப் பட்டியலில்தான் தொழிலின் உண்மையான கணக்கு இருக்கிறது. திருப்பூர்க் காதர்பேட்டையிலிருந்து லாரி பார்சலில் 130 ரூபாய்க்கு வந்திறங்கும் சட்டையை 200 ரூபாய்க்குக் கொடுத்தால், இடையிலுள்ள 70 ரூபாயில் மையும் மின்சாரமும் பாழாய்ப்போன சட்டைகளின் விலையும் அடங்கி ஏதோ மிஞ்சத்தான் செய்யும். நாற்பது சட்டைக்கு 8,000 ரூபாய். பாதியை முன்பணமாக வாங்க வேண்டும் என்பது சுவரில் அவரே அச்சடித்து ஒட்டியுள்ள விதி. அதைப் படித்துவிட்டு, “நமக்குள்ள இன்னாண்ணா” என்று சொல்லாத உறவினர் எவரும் இதுவரை வந்ததில்லை. சட்டை போன பிறகு, தோற்ற குழு தோற்றுவிட்டதால் தருவதில்லை. வென்ற குழு கோப்பையைக் கொண்டுவந்து காட்டிப் படம் எடுத்துக்கொண்டு போகிறது. இத்தொழிலில் எமல்ஷனையும் மையையும் ஓராண்டில் கற்றுவிடலாம். முன்பணம் கேட்கும்போது முகம் சுளிக்காமலும் சிரிக்காமலும் நிற்கக் கற்றவர்தான் இரண்டாம் ஆண்டும் தொழிலில் இருக்கிறார். கல்லாதவர் மீண்டும் கம்பெனி பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே, இதை வாசிப்போரில் எவரேனும் சென்ற ஆடியில் முதுகில் ஊர்ப் பெயர் அச்சிட்ட மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு அம்மனுக்குக் கூழ் ஊற்றியிருந்தால், தாங்கள் கொடுத்த பங்குப் பணம் வசூலித்தவரிடமிருந்து அச்சடித்தவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.