அருந்ததி பார்க்க விண்டோஸ் வேண்டுமா?

பெறுநர்: மோட்டார் பூட்டிய தொலைநோக்கித் தாங்கிகள் செய்து உலகெங்கும் விற்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. (பெயரைப் போட்டால் வழக்குப் போடுவீர்கள். அதனால் போடவில்லை.)

அனுப்புநர்: சிங்கப்பூர், புக்கிட் பாத்தோக் வீவக அடுக்குமாடியின் பத்தாம் மாடிவாசி.

பொருள்: லினக்ஸ் கணினியில் தங்கள் தாங்கி அசைய மறுத்தது குறித்தும், பிறகு அசைந்துவிட்டது குறித்தும்.

ஐயா, அம்மா அல்லது தானியங்கிப் பதிலாளரே,

இதுவரை உங்களிடமிருந்து மூன்று பதில்கள் வந்திருக்கின்றன. விண்டோஸைத் திரும்ப நிறுவுங்கள் என்றது முதலாவது. தாங்கியைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி ஒழுங்காகத் திருப்பினீர்களா என்று விசாரித்தது இரண்டாவது. என் குறை தீர்ந்துவிட்டதாக எனக்கே தெரிவித்து, சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கேட்டது மூன்றாவது.

அந்த ஐந்து நட்சத்திரத்தை முதலில் பேசிவிடலாம். 2016-இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தில் சிங்கப்பூருக்குத்தான் முதலிடம். கண் இருட்டுக்கு முழுசாகப் பழகவே முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ்தான் இங்கே எல்லாரும் வாழ்கிறோம் என்று அதில் கண்டிருக்கிறது. மழை கழுவிவிட்ட நல்ல இரவில் எங்கள் தாழ்வாரத்தில் நின்று எண்ணினால் ஐந்து தேறும். அதில் ஒன்று சாங்கிக்குப் போகிற விமானம். இருக்கிற நாலையும் உங்களுக்குக் கொடுத்துவிட்டு நான் எதைப் பார்ப்பது?

அடுத்தது துருவ நட்சத்திரம். உங்கள் கையேட்டில் ஸ்வெட்டர் போட்ட ஒருவர் அண்ணாந்து அதைப் பார்க்கிறார். அவர் ஊரில் அது பாதி வானத்தில் இருக்கும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும். புக்கிட் பாத்தோக் 1.35 பாகை. கையை நீட்டிச் சுண்டுவிரலைப் படுக்கவைத்தால் அடிவானத்துக்கு மேலே அவ்வளவுதான் உயரம். அந்த உயரத்தில் எனக்குத் தெரிவது எதிர் பிளாக் பத்தாம் மாடியில் மூங்கில் கழியில் காயும் சிவப்புச் சட்டை. வேறு வழியில்லாமல் அதை நோக்கியே ஒருநாள் தாங்கியைத் திருப்பி வைத்தேன். மறுநாள் சட்டையை எடுத்துவிட்டார்கள். அசையாமல் நிற்கும் வரம் துருவனுக்குக் கிடைத்தது, அந்தச் சட்டைக்குக் கிடைக்கவில்லை.

தாங்கியின் அட்சரேகைத் திருகும் 10 பாகைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பூமத்தியரேகைப் பக்கமும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்ற தகவல் உங்கள் வரைபடப் பிரிவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலும். தெற்குக் காலை முழுக்க நீட்டியும் போதாமல், கல்யாணத்தன்று நாங்கள் உட்கார்ந்த மணையை அதன் அடியில் முட்டுக் கொடுத்தேன். இப்போது எடைக்கம்பி போய்க் காலில் இடிக்கிறது. இத்தனையும் பொதுத் தாழ்வாரத்தில், தீப்பாதுகாப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழிவிட்டுத்தான் நடக்கிறது. எங்கள் ஊர்ப் பெயருக்கு இருமும் குன்று என்றும் ஒரு விளக்கம் சொல்வார்கள். இரவு பத்து மணிக்கு உங்கள் மோட்டார் திரும்பும்போது கேட்டால் அந்த விளக்கம்தான் சரி என்று படுகிறது.

இனி விண்டோஸ். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. என் மடிக்கணினிக்கு விண்டோஸ் 11 ஏறத் தகுதியில்லையாம். எட்டு வயதுக் கணினியைக் குப்பையில் போட மனமில்லை. மருமகன் ஒரு யுஎஸ்பி குச்சியில் வைத்திருந்த உபுண்டு 22.04 என்ற லினக்ஸை நிறுவிக் கொடுத்தார். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, சிம் லிம் டவரில் ஏறி, தாங்கியைக் கணினியோடு இணைக்க ஒரு கேபிளும் வாங்கி வந்தேன்.

செருகினேன். தாங்கி இருப்பதைக் கணினி கண்டுகொண்டது. அடுத்த நொடியே கைவிட்டது. மூன்று நாள் இதே கண்ணாமூச்சி. கடைசியில் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. உபுண்டுவில் பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்க பிஆர்எல்டிடிஒய் என்றொரு நிரல் உண்டு. கேபிளுக்குள் இருந்த சிஎச்340 சில்லும் சில பிரெயில் கருவிகளில் இருக்கும் சில்லும் ஒரே அடையாள எண்ணைச் சொல்பவை. ஆகவே, பார்வை தெரியாத ஒருவர் வந்திருக்கிறார் என்று அந்த நிரல் ஓடிவந்து கேபிளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தேவைப்படுவோருக்கு அது பெரிய கொடை, குறை சொல்ல மாட்டேன். சொல்லப்போனால் சிங்கப்பூர் வானத்தின் கீழ் தொலைநோக்கியோடு நின்ற என்னைப் பற்றி இத்தனை நாளில் சரியாகக் கணித்தது அது ஒன்றுதான். உங்கள் மூன்று பதில்களிலும் அந்த அளவு அக்கறை இல்லை. அந்த நிரலை நீக்கிவிட்டு, தொடர் முனையோடு பேச உரிமையுள்ள 'டயல்அவுட்' குழுவில் என்னையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டேன். சந்தா இல்லை, ஆண்டுவிழா இல்லை. ஒருமுறை வெளியேறித் திரும்ப உள்ளே வந்தால் போதும்.

அதற்குப் பிறகுதான் ஒட்டுக்கேட்டேன். மன்னிக்க வேண்டும். மருமகனின் அலுவலகக் கணினியில் உங்கள் மென்பொருளை ஓடவிட்டு, கேபிளில் என்ன போகிறது என்று பார்த்தேன். கட்டளைகள் அறிவுசார் சொத்து, தர இயலாது என்று எழுதியிருந்தீர்களே, அந்தச் சொத்து இதுதான்: ஒரு முக்காற்புள்ளி, ஜி, ஆர், ஒரு ஹாஷ் குறி. 'உன் வல ஏற்றம் (வானத்துத் தீர்க்கரேகை) எவ்வளவு?' என்று பொருள். ஆர் இடத்தில் டி போட்டால் நடுவரை விலக்கம் (வானத்து அட்சரேகை). எம்மும் எஸ்ஸும் போட்டால் போ. க்யூ போட்டால் நில். ஒரு வண்டிக்காரர் தன் மாட்டோடு இதைவிட அதிகம் பேசுவார். இந்த மொழியும் உங்களுடையதில்லை. மீட் கம்பெனியின் எல்எக்ஸ்200 தொலைநோக்கி 1992-இல் பேச ஆரம்பித்தது இது. கட்டளைப் பட்டியலை அவர்களே வெளியிட்டார்கள். செலஸ்ட்ரான் தன் மொழியை வெளியிட்டது, ஸ்கை-வாட்சர் தன் மோட்டார் கட்டளைகளை வெளியிட்டது. யாரும் அதனால் கடையை மூடவில்லை.

எல்வுட் டவுனி தொடங்கி, ஜாசம் முத்லக்கும் இன்னும் பலரும் வளர்த்தெடுத்த இண்டி என்ற இலவச மென்பொருள் நிற்பது இப்படிப்பட்ட பட்டியல்கள் மேல்தான். தாங்கியோடு பேசும் நிரல் ஒரு பக்கம், வானப் படம் காட்டும் கேஸ்டார்ஸ் மறு பக்கம், இடையில் 7624 என்று எண் போட்ட கதவு. தாழ்வாரத்தில் ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினி கொசுக்கடியில் கிடக்கிறது, நான் கூடத்தில் மின்விசிறிக்கடியில் இருந்து கட்டளையிடுகிறேன். துருவ நட்சத்திரமும் தேவைப்படவில்லை. அச்சை மூன்று இடங்களில் நிறுத்தி, தாங்கியில் மாட்டிய கேமரா படம் எடுக்கிறது. படத்தில் விழுந்த நட்சத்திரங்களின் அமைப்பை வைத்தே, எங்கே பார்க்கிறோம், அச்சு எவ்வளவு கோணல் என்று மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது.

மே மாதம் ஒருநாள் ஒன்பதரை மணிக்கு முதல் கட்டளை கொடுத்தேன்: அருந்ததி. எங்கள் கல்யாணத்தில் பகல் பதினொரு மணிக்கு மண்டபத்தின் குளிர்சாதனக் குழாயைக் காட்டி, அதுதான் அருந்ததி என்றார் ஐயர். இருவரும் தலையாட்டினோம். அந்தக் கடன் இந்த மே இரவில்தான் தீர்ந்தது. தாங்கி ஒருமுறை இருமிவிட்டு வடக்கே முப்பது பாகைக்கு மேல் போய் நின்றது. மனைவி கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னங்க, பக்கத்துல இருக்கிற வசிஷ்டர் ரெண்டா தெரியறாரே?"

ஆமாம், வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்த நட்சத்திரம் தொலைநோக்கியில் இரட்டை. இதை ஐயர் சொல்லவில்லை. அருந்ததிக்கும் இது தெரியுமா என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. வேண்டுமானால் அதையும் ஒரு புகாராகப் பதிந்துகொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தாங்கிக்குத் துணையாக நீங்களே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி விற்கிறீர்கள். நண்பர் ஒருவர் வாங்கியிருக்கிறார். அதன் உரிமத் தாளில் பொடி எழுத்தில் ஜிபிஎல் உரிமமும், உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற தகவலும் இருக்கின்றன. நான் லினக்ஸ் வைத்துக்கொண்டால் ஆதரவில்லை, நீங்கள் பெட்டியில் போட்டு விற்றால் விலை முந்நூறு வெள்ளிக்கு மேல். பலர் சும்மா எழுதிக் கொடுத்ததை எடுத்துப் பிழைப்பவர்கள் பதிலுக்கு ஒரு கட்டளைப் பட்டியலைத் தர மறுப்பதற்கு எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு. கடிதத்தில் எழுதக் கூடாது.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டது ஒன்பது கட்டளைகள். தாங்கியை ஓய்வு நிலைக்கு அனுப்பும் கட்டளை மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதனால் தினமும் இரவில் கையால் திருப்பி வைக்கிறேன். முழுப் பட்டியலும் இரண்டு பக்கத்தைத் தாண்டாது. அனுப்பி வையுங்கள். தமிழில் வேண்டாம், ஆஸ்கியில் போதும்.

இப்படிக்கு,
டயல்அவுட் குழு உறுப்பினன்,
புக்கிட் பாத்தோக்.